இன்டோர் போன்சாய்: 14 மாதம் கழித்து ஒரு ரிவ்யூ

செடிக்கு ரிவ்யூ எழுதுவதென்றால் ஒரு வருஷமாவது கழிந்த பிறகுதான் எழுத வேண்டும். பெட்டி வந்த அன்றைக்கே போட்டோ எடுத்து, "செம பேக்கிங், ஒரு இலை கூட ஒடியவில்லை" என்று 5 ஸ்டார் போட்ட ஆட்களில் நானும் ஒருவன். மூன்று மாதம் கழித்து அதைத் திருத்தலாம் என்று போனால், திருத்தும் காலம் முடிந்துவிட்டது என்றது ஆப். சரி, அங்கே எழுத முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். மரம் இப்போது பிழைத்துவிட்டதால் கொஞ்சம் நிதானமாகவே எழுத வருகிறது. போன வருஷம் ஏப்ரலில் எழுதியிருந்தால் வெறும் வசவாகத்தான் இருந்திருக்கும்.

வாங்கியது 2024 பிப்ரவரியில், மனைவியின் பிறந்தநாளுக்கு. ஆன்லைனில் செடி விற்கும் ஒரு கடை. பெயர் சொல்லப் போவதில்லை. இதே மரத்தை, இதே வெள்ளைத் தொட்டியில், இதே கூழாங்கல்லோடு ஏகப்பட்ட கடைகள் விற்கின்றன; ஒருவரை மட்டும் சொல்லி என்ன பயன்? விலை 1,499 ரூபாய். பெயர் "ஜின்செங் ஃபைகஸ் இன்டோர் போன்சாய்". போன்சாய் என்றால் தொட்டியில் குட்டையாகவே வைத்து வளர்க்கும் மரம். அடிமரம் இரண்டு கால் அகட்டி நிற்கும் குண்டு ஆள் மாதிரி இருக்கும், தலையில் மட்டும் பச்சை முடி. பார்த்திருப்பீர்கள், பாதி அலுவலகங்களின் ரிசப்ஷனில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

இந்த மரத்தைப் பற்றி வாங்குவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜின்செங் என்ற மூலிகைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேர் அந்தக் கிழங்கு மாதிரி பருத்திருப்பதால் வைத்த பெயர். ஆல், அரசு, அத்தி எல்லாம் சேர்ந்த ஃபைகஸ் இனத்து மரம்தான் இது. விதை போட்டுச் சில வருஷம் வேரைப் பருக்க விட்டு, பிறகு அந்த வேரை மண்ணுக்கு மேலே தூக்கி நட்டு, தலையை வெட்டிவிட்டு, சின்ன இலை விடும் ரகத்தை மேலே ஒட்டுக் கட்டிவிடுவார்கள். நாம் அடிமரம் என்று நினைத்துத் தடவிப் பார்ப்பது உண்மையில் வேர். ஆகவே நிஜமான போன்சாய்க்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆலமரத்துச் சொந்தக்காரன் என்றால் சென்னை வெயிலுக்கு அசராது, வெட்டினாலும் துளிர்க்கும், முதல்முறை வளர்ப்பவன் செய்யும் தப்புகளைத் தாங்கும். மரத்தைப் பொறுத்தவரை தேர்வு சரிதான். தப்பு எல்லாம் அது வந்த கோலத்தில் இருந்தது.

பெட்டியைப் பிரித்தால் தொட்டியின் மேற்பரப்பு முழுக்க வெள்ளைக் கூழாங்கல். அழகாக இருக்கிறதே என்று ஒரு கல்லை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. விரல் கணுவால் தட்டினேன், "டக்" என்று சத்தம். கடலை மிட்டாயில் கடலை எப்படிப் பாகில் இறுகி உட்கார்ந்திருக்குமோ, அப்படி எல்லாக் கல்லையும் பசை போட்டு ஒரே பாளமாக ஒட்டியிருந்தார்கள். வழியில் பெட்டி குலுங்கினாலும் மண் கொட்டாமல் இருக்க இந்த ஏற்பாடு. அனுப்புகிறவருக்கு வசதி, செடிக்குக் கேடு. மேலே ஊற்றும் தண்ணீர் நடுவில் மரத்தைச் சுற்றி இருக்கும் இடுக்கு வழியாக மட்டும் இறங்கும்; ஒரு பக்கம் சேறு, இன்னொரு பக்கம் காய்ந்த தூள். அதைவிட மோசம், விரலை விட்டு ஈரம் பார்க்க வழியே கிடையாது. தொட்டியின் அடியில் ஓட்டை இருந்தது, சுண்டு விரல் கூட நுழையாது. அந்த ஓட்டைக்குக் கீழே அதே வெள்ளையில் ஒரு தட்டு, அதுவும் ஒட்டியிருந்தது. வடிந்த தண்ணீர் அங்கேயே நின்று மறுபடி மேலே ஏறும்.

கூடவே ஒரு பராமரிப்பு அட்டை. "வாரம் மூன்று முறை 50 மில்லி தண்ணீர். நேரடி வெயில் வேண்டாம். 100 ஆண்டுக்கு மேல் வாழும்!" என்று மூன்று வரி. கடைசி வரி பொய் என்று சொல்ல மாட்டேன். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய ஆர்பொரேட்டம் என்ற மரப் பூங்காவில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது, 1625இலிருந்து வளர்த்து வருவது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அந்த ஊரிலேயே, யமாகி என்ற குடும்பத்தின் தோட்டத்தில், சுவருக்குப் பக்கத்தில் நின்று தப்பிய மரம். 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள், இந்தக் கதை அங்கே இருந்தவர்களுக்கே 2001இல்தான் தெரிய வந்தது. நாலு நூற்றாண்டு! ஆனால் அந்தப் பைன் வளர்ந்தது திறந்த வெளியில், வானத்தைப் பார்த்து. டிவி ஸ்டாண்டில், செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில் அல்ல.

நான் வைத்தது அங்கேதான். ஏசிக்கு நேர் கீழே.

வந்த நாளே அம்மா இரண்டு ஆட்சேபம் சொன்னார். ஒன்று, வளர்ச்சியை முடக்கி வைக்கிற மரம் வீட்டுக்கு ஆகாது என்ற வாஸ்து. இரண்டாவது, "ஏன்டா, மரத்தைக் கொண்டுபோய் ஜன்னல் இல்லாத மூலையில வெச்சா அது என்னத்தைத் தின்னும்?" முதலாவதை எதிர்த்து அரைமணி நேரம் வாதாடிய வேகத்தில் இரண்டாவதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பத்தாவது நாள் இலை கொட்ட ஆரம்பித்தது. பச்சையாகவே கொட்டியது. இடம் மாறினால் இந்த ஜாதி மரம் கொஞ்சம் இலை உதிர்ப்பது வழக்கம், பதறாமல் விட்டிருந்தால் தானே அடங்கியிருக்கும். எனக்கு அது தெரியாதே, தாகம் என்று நினைத்துத் தினமும் ஊற்றினேன். அப்புறம் மிச்ச இலைகள் மஞ்சளாயின. மஞ்சளானால் சத்துக் குறைவு என்று எங்கேயோ படித்து உரம் போட்டேன். கிளை நுனி காய்ந்தது, வெட்டிவிட்டால் துளிர்க்கும் என்று வெட்டினேன். வேர் அழுகிக்கொண்டிருக்கும் மரத்துக்கு இதைவிடத் திட்டம் போட்டுக் கெடுதல் செய்ய முடியாது. ஏப்ரல் நடுவில் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 11 இலை. தொட்டியைச் சுற்றிக் கொசு மாதிரி சின்னச் சின்னப் பூச்சிகள் பறந்தன. கிட்டே போனால் அடைத்துக்கொண்ட சிங்க் நாற்றம்.

கடையின் கஸ்டமர் கேருக்கு போட்டோ அனுப்பினேன். உயிருள்ள செடிகளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பதில் வந்தது, நியாயம்தான், வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். என்ன செய்தால் பிழைக்கும் என்று கேட்டதற்கு, "நேரடி வெயிலைத் தவிர்க்கவும், வாரம் மூன்று முறை 50 மில்லி" என்று அதே அட்டையை டைப் செய்து அனுப்பினார்கள். கூடவே அடுத்த போன்சாய் வாங்க 15 சதவீதத் தள்ளுபடி கூப்பன். இழவு வீட்டில் வந்து அடுத்த கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்டது போல இருந்தது.

அந்தப் பதற்றத்தில் இன்னொரு இடத்தில் "போன்சாய் பராமரிப்பு கிட்" ஒன்று ஆர்டர் போட்டேன், 1,150 ரூபாய். பதற்றத்தில் வாங்கிய எதுவும் உருப்பட்டதில்லை என்பது என் வாழ்க்கை வரலாறு, ஆனாலும் கிட்டைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். கத்தரிக்கோல் நன்றாகவே இருக்கிறது. துரு பிடிக்கிறது, துடைத்து எண்ணெய் போட்டால் சரி. அலுமினியக் கம்பி 1.5 மி.மீ., 2 மி.மீ. என்று இரண்டு சுருள், தரமானது, ஆனால் நோயாளி மரத்தின் கிளையை வளைக்கக் கம்பி சுற்றக் கூடாது என்பதால் முக்கால்வாசி ஒரு வருஷம் டிராயரில் தூங்கியது. வெட்டுக் காயத்துக்குப் பூசும் பசை ஒரு டியூப். இந்த மரத்துக்கு அது பெரும்பாலும் தண்டம், வெட்டினால் வரும் பாலே காயத்தை அடைத்துவிடுகிறது. "பூஸ்டர்" என்று ஒரு பாட்டில், உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் ஒரு வார்த்தை இல்லை, திறக்கவே இல்லை. ஸ்ப்ரே பாட்டில் துணி இஸ்திரி போட உதவுகிறது. குப்பையிலும் குப்பை, "ஸ்பெஷல் போன்சாய் மண்" என்ற அரைக் கிலோ பாக்கெட். பிரித்தால் தென்னை நார்க்கழிவு, மேலே நாலு வெள்ளை பெர்லைட் (இலேசான கல் பொரி). தண்ணீரைப் பிடித்து வைப்பதில் நார்க்கழிவை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் அதிகமாகி அழுகும் மரத்துக்கு அதைப் போய் விற்கிறார்களே!

மரத்தைக் காப்பாற்றியது கிட் இல்லை, வேளச்சேரி பக்கம் சாலையோரத்தில் இருக்கும் ஒரு நர்சரி. போர்டு கூட வெயிலில் வெளுத்துப் பாதி எழுத்துதான் தெரியும். மாமரக் கன்று, செம்பருத்தி, துளசி, மண் தொட்டி, அவ்வளவுதான் சரக்கு. நான் ஏதோ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போல ஸ்கூட்டர் முன்னால் தொட்டியை வைத்துக்கொண்டு போனேன். பெரியவர் ஒருவர் டியூப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது போன்சாய். செத்துப்போச்சான்னு பார்க்கணும்."

அவர் போன்சாய் என்ற சொல்லைக் கண்டுகொள்ளவே இல்லை. கட்டை விரல் நகத்தால் கிளையில் ஒரு கீறல். உள்ளே பழுப்பு, கிளை சுள்ளி மாதிரி ஒடிந்தது. இன்னும் கொஞ்சம் கீழே ஒரு கீறல். பழுப்பு. அடிமரத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது கீறல் போட்டார். தோலுக்கு அடியில் பளிச்சென்று பச்சை, ஒரு நொடி கழித்துக் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைப் பால் எட்டிப் பார்த்தது.

"உசுரு கீது தம்பி," என்றார். அப்புறம் கூழாங்கல் பாளத்தைத் தட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு இதுக்கு சிமென்ட் பூசி வெச்சிக்கிற?"

நான் பூசவில்லை என்று விளக்கினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. 60 ரூபாய்க்கு ஒரு பை கலவை தந்தார்: செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, கொரகொரப்பான ஆற்று மணல் ஒரு பங்கு, மட்கிய இலை உரம் ஒரு பங்கு. 80 ரூபாய்க்குக் கையகல மண் தொட்டி, அடியில் கட்டை விரல் நுழையும் ஓட்டையோடு. சொன்ன மருந்து ஒன்றே ஒன்று: "புது இலை வர்ற வரைக்கும் உரம் காட்டாத. வயிறு சரியில்லாதவனுக்குப் பிரியாணி போட்ட கதையாயிடும்."

ஆக மொத்தம் 140 ரூபாய். ஜப்பானில் போன்சாய்க்கு அகடமா என்ற களிமண் குருணையைப் போடுவார்கள், இங்கே இறக்குமதி விலைக்கு விற்கிறார்கள், நானும் கார்ட்டில் போட்டு வைத்திருந்தேன். செங்கல் ஜல்லி செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். தனக்குள் கொஞ்சம் ஈரம் வைத்துக்கொண்டு, துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்று போக இடம் விடும். துவரம்பருப்பு அளவில் இருக்க வேண்டும், தூள் இருக்கக் கூடாது, அது மட்டும் முக்கியம். தூளைச் சலிக்க அம்மாவின் கோதுமைச் சல்லடையை எடுத்தேன். அது தனிக் கதை, அதற்குப் பதிலாகப் புதுச் சல்லடை வாங்கித் தந்த கணக்கு மேலே சொன்ன 140இல் சேரவில்லை.

ஏப்ரல் கடைசி ஞாயிறு காலை பால்கனியில் ஆபரேஷன். பாளத்தின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன், நடுவில் மரம் நின்ற ஓட்டையோடு வடை மாதிரி ஒரே துண்டாக வந்துவிட்டது. தொட்டியைச் சாய்த்து மரத்தை உருவினால், வெளிச்சுற்று முழுக்கக் கறுப்பு. ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன். அவித்த வேர்க்கடலையின் தோல் போல வழுக்கிக்கொண்டு மேல்தோல் கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. அதுதான் செத்த வேர். நல்ல வேரை இழுத்தால் தோல் வராது, வெட்டினால் பால் வரும். நடுவில் சாணி உருண்டை மாதிரி இறுகிய களிமண், அதைத் தீக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து, அழுகியதை எல்லாம் வெட்டி எறிந்தபோது மூன்றில் ஒரு பங்கு வேர் மிஞ்சியிருந்தால் அதிகம். கத்தரிக்கோல் பாலில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. பலாப்பழம் அரியும்போது கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவோமே, அதையே இங்கேயும் செய்தேன், சரியாயிற்று. வெட்டிய வேர்களில் மஞ்சள் தூள் தூவியது அம்மாவின் திருப்திக்காக.

இந்த இடத்தில் யாரும் சொல்லாத, ஆனால் நான் முதல் தடவை கோட்டை விட்ட ஒரு விஷயம்: மரத்தைத் தொட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். குண்டு வேருக்குப் பிடிமானம் கிடையாது, காற்றடித்தால் ஆடும், ஆடினால் புதிதாக விடும் முடி மாதிரி வேர்கள் அறுந்து போகும். இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது பல் விழப்போகிற குழந்தையின் பல் மாதிரி ஆடியது. மறுபடி எடுத்து, கிட்டில் வந்த கம்பியை அடி ஓட்டை வழியாகக் கோத்து இறுக்கிக் கட்டினேன். கிட்டுக்கு அங்கே ஒரு ஸ்டார் ஏறியது.

ஜவுளிக்கடையில் தந்த பெரிய பிளாஸ்டிக் கவரை நாலு குச்சி நட்டு மேலே கவிழ்த்தேன், உள்ளே ஈரக்காற்று நிற்பதற்கு. வேர் இல்லாத மரம் இலை வழியாகத் தண்ணீரை இழக்காமல் இருக்க இது உதவும், ஆனால் நேர் வெயிலில் வைத்தால் இட்லிக் குண்டான் ஆகிவிடும், ஆகவே வெளிச்சம் நிறைய இருக்கும் நிழலில், தினமும் ஒரு மணி நேரம் திறந்து விட்டு. அடுத்த வாரமே மே 4, கத்திரி தொடங்கியது. பால்கனியில் பச்சை வலை கட்டினேன். மனைவி ஒருநாள் அந்தக் கவரைப் பார்த்துவிட்டு, "ஏங்க, என் பிறந்தநாள் கிஃப்ட்டை ஐசியூவுல வெச்சிருக்கீங்க, நான் பார்க்கவாவது போகலாமா?" என்றாள்.

தண்ணீர் விஷயத்தில்தான் அட்டையைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. வாரம் மூன்று முறை என்பது யாருடைய வாரம்? ஐப்பசி வாரமும் கத்திரி வாரமும் ஒன்றா? ஊதுவத்தி எரிந்து முடிந்த பிறகு மிஞ்சும் குச்சியைக் கழுவிக் காயவைத்து மண்ணில் இரண்டு அங்குலம் சொருகி வையுங்கள். பத்து நிமிஷம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி இருண்டு ஈரமாக இருந்தால் பேசாமல் போய்விடுங்கள். வெளுத்துக் காய ஆரம்பித்திருந்தால் அடி ஓட்டையில் தண்ணீர் ஓடி வரும் வரை ஊற்றுங்கள். 50 மில்லி அல்ல, ஓடி வரும் வரை. மே மாதம் சில நாள் இரண்டு வேளை ஊற்றினேன், டிசம்பரில் நாலைந்து நாள் தொடவே இல்லை. எங்கள் ஏரியா போர் தண்ணீர் உப்பு, மண் தொட்டியின் வெளியே வெள்ளையாகப் பூத்துவிடும், அதனால் முடிந்தவரை மெட்ரோ வாட்டர்.

மே முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. 11 இலையில் 7 விழுந்தது. தினமும் ஆபீஸ் கிளம்பும்முன் கவருக்குள் தலையை விட்டுப் பார்ப்பேன். தோண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், அந்த நேரத்தில் அம்மா பின்னாலிருந்து "டேய்" என்பார். ஆறு வாரம். ஜூன் இரண்டாவது வாரம் அடிமரத்தின் ஓரத்தில் பச்சை ஊசி முனை ஒன்று. மறுநாள் நாலு. அதற்கடுத்த வாரம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒரு வேடிக்கை, வந்த துளிரெல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒட்டுக்கு மேலே வந்தவை பழையபடி சின்னதாக, உருண்டையாக. ஒட்டுக்குக் கீழே, குண்டு வேரிலிருந்து வந்தவை நீளமாக, அகலமாக, முரட்டு இலை. அடி ரகம் தன் சொந்த முகத்தைக் காட்டுகிறது. கடையில் விற்ற படத்தில் இருப்பது போலவே வேண்டுமென்றால் கீழே வருவதைக் கிள்ளிவிட வேண்டும். நான் ஒன்றைக் கிள்ளாமல் விட்டிருக்கிறேன். செத்துக்கிடந்தபோது முதலில் எழுந்தது அந்தப் பக்கம்தான், அதைப் போய் எப்படிக் கிள்ளுவது?

ஜூலையில்தான் உரம், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் 19-19-19, லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கவர் போய், வலையும் போய், காலை வெயில் நேராக. செப்டம்பரில் முதல் வெட்டு: ஒரு கிளையில் ஏழெட்டு இலை வந்ததும் இரண்டு இலை விட்டு வெட்டினால் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து வருகிறது. அடர்த்தி அப்படித்தான் வரும், கொழுந்து விடும்போதெல்லாம் வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் துண்டு வைத்துச் சாய்த்துவிட்டேன், தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலன்று மட்டும் இரண்டு ராத்திரி உள்ளே எடுத்து வந்தேன். அந்த ஈரத்தில், கிளைக்குக் கீழே சிவந்த நூல் மாதிரி ஒன்று தொங்கியது. புழு என்று நினைத்துத் தட்டிவிடப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். விழுது! அரை அங்குலம் இருக்கும். ஆலமரத்துச் சொந்தம் என்று சொன்னேன் இல்லையா.

தொல்லை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஜனவரியில் சில இலைகள் பீடா மடித்த வெற்றிலை மாதிரி மடிந்துகொண்டன. பிரித்தால் உள்ளே கறுப்பாக எள்ளைவிடச் சின்னப் பூச்சிகள், இலைப்பேன். மடிந்த இலைகளை மட்டும் கிள்ளி, மூடிய பையில் போட்டுத் தூக்கிப் போட்டேன். மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், சாயங்காலத்தில். மூன்று வாரத்தில் அடங்கிவிட்டது.

என் ஆபீஸ் நண்பர் ஒருவரும் அதே சமயம் வாங்கினார், அவர் வாங்கியது ஜூனிபர். படத்தில் பார்க்கும் போன்சாய் மாதிரியே இருக்கும், ஊசி இலை, வளைந்த தண்டு. அதை மேஜையில் வைத்தார். ஜூனிபரில் ஒரு கொடுமை உண்டு, அது செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். அவர் ஒரு மாதம் பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். எனவே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் ஊர் சமவெளி, உங்களுக்கு இதுதான் முதல் மரம் என்றால், ஃபைகஸ் ஜாதிப் பக்கமே போங்கள். அதிலும் ஆன்லைனில் வேண்டாம், நேரில் போய், தொட்டியில் விரல் நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்கும் மேலே சொல்வேன், நர்சரியில் 150 ரூபாய்க்கு ஃபைகஸ் கன்று வாங்கி வெட்டிப் பழகினால் செத்தாலும் மனசு கேட்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், கல் ஒட்டியிருக்கிறது என்றால், இந்த ரிவ்யூவை முழுசாகப் படிக்கக் கூடத் தேவையில்லை, முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

ஸ்டார் கேட்பீர்கள். மரத்துக்கு 5, அதன் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. விற்ற கோலத்துக்கும் அட்டைக்கும் சேர்த்து 1, அதுவும் பெட்டியை நன்றாகக் கட்டியதற்கு. கிட்டுக்கு 2. நர்சரிப் பெரியவருக்கு ஸ்டார் போட அவர் எந்த ஆப்பிலும் இல்லை. போன வாரம் மொபைலில் மரத்தின் படத்தைக் காட்டினேன். ஒட்டுக்குக் கீழே நான் விட்டுவைத்திருக்கும் முரட்டுக் கிளையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இத்தை வெட்டிடு தம்பி. மேல இருக்கறதோட சாப்பாட்டை இது துன்னுடும்."

"சரி ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் வெட்டவில்லை. ஆன்லைன் கடையின் வெள்ளைத் தொட்டியில் அம்மா துணிக் கிளிப் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கூழாங்கல் வடை பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறது. அதற்கு மட்டும் தாராளமாக 5 ஸ்டார் தரலாம், ஒரு கல் கூட இதுவரை பெயரவில்லை.